வாசகர் கேள்வி: சுணையில்லாத அறுவடை

கேள்வி: பழைய ஆங்கிலேய அச்சுப்படங்களில் கதிர் அறுப்பவர்களின் உடையில் ஒரு பொட்டு அழுக்கும் இல்லையே, அரிவு வெட்டி வரம்பேறினால் எங்களுக்கு உடம்பெல்லாம் சுணையும் சேறும்தானே?
– வாசகி, முத்தையன்கட்டு

பதில்: ஆங்கிலேய ஓவியர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் 1785இல் தீட்டி, 1791இல் தாமே செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்ட ‘அறுவடை செய்வோர்’ இதற்கு நல்ல சான்று. அரிவாளோடு குனிந்தவர்களின் சட்டைகூடக் கசங்கவில்லை. மேற்பார்வையாளரோ குதிரையில் அமர்ந்திருக்கிறார் (அந்த ஒன்றை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன்). கோதுமை கோடையில் காய்ந்த நிலத்தில் அறுக்கப்படுவதால் சேறில்லாதது பொய்யன்று. வியர்வையும் தூசியும் இல்லாததுதான் பொய். பொது நிலங்களை வேலியடைக்க அனுமதித்த சட்டங்களால் ஏழைகள் மேய்ச்சல் உரிமையை இழந்துகொண்டிருந்த அக்காலத்தில், இப்படங்களை வாங்கிச் சுவரில் மாட்டிய வசதி படைத்தோர், களைத்த முகங்களைத் தம் வரவேற்பறையில் காண விரும்பியிருக்க மாட்டார்கள்.