கோழி நொண்டுகிறதா? சுண்ணாம்பைத் தொடுவதற்கு முன்…

கேள்வி: 800 கறிக்கோழிகள் வளர்க்கிறேன், இன்று 19 நாள் வயது. ஆலையில் தயாரான குச்சித் தீவனம்தான் போடுகிறேன். ஏழெட்டுக் கோழிகள் நொண்டுகின்றன. தரையில் விரித்த கூளம் அங்கங்கே ஈரமாக இருக்கிறது. ஒரு வாரமாக 100 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ சுண்ணாம்புக்கல் தூள் கலக்கிறேன். இத்துடன் புரோபயாடிக் பொடியும் தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள், பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் சுண்ணாம்புத் தூளை இன்றே நிறுத்துங்கள்.

அந்தத் தூளில் ஏறக்குறைய 38 சதவீதம் கால்சியம். நீங்கள் கலக்கும் அளவு தீவனத்தின் கால்சியத்தை 0.38 சதவீதம் உயர்த்துகிறது. ஆலைத் தீவனத்தில் அது ஏற்கெனவே ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதி. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம்தான் எலும்பைக் கட்டுகிறது. கால்சியம் மட்டும் கூடினால், அது குடலிலேயே பாஸ்பரஸைப் பிடித்துக் கரையாமல் செய்துவிடும். துத்தநாகமும் மாங்கனீஸும்கூட உறிஞ்சப்படுவது குறையும். எலும்புக்கு நல்லது என்று போட்டதே எலும்பை மெலியவைக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை. முட்டைக் கோழிக்குச் சிப்பி போடுவதைப் பார்த்துத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். தினமும் ஓடு கட்டும் கோழியின் கணக்கு வேறு, கறிக்கோழியின் கணக்கு வேறு.

நொண்டும் கோழி ஒன்றைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் அலகை விரலால் மெல்ல அழுத்துங்கள். ரப்பர் போல வளைந்தால் பாஸ்பரஸ், வைட்டமின் டி3, கால்சியம் ஆகியவற்றில் ஏதோ குறைகிறது, அல்லது விகிதம் கெட்டிருக்கிறது. அலகு உறுதியாக இருக்கிறது, ஆனால் கணுக்கால் மூட்டு பருத்து, பின்னால் இருக்கும் தசைநாண் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது என்றால் மாங்கனீஸ், கோலின் போன்ற சத்துகளின் குறையாக இருக்கலாம். மூட்டு சூடாகி வீங்கியிருந்தால் அது நோய்த்தொற்று. எந்தத் தாது உப்பும் அதற்கு மருந்தாகாது. இவை எதுவும் இல்லாமல், வேகமாக உடல் போடுவதாலேயே கால் தாங்காத கோழிகளும் உண்டு.

கறிக்கோழிக்குக் கிலோ தீவனத்தில் மாங்கனீஸ் 60, துத்தநாகம் 40, செலினியம் 0.15 மில்லிகிராம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வெளியிட்ட அட்டவணை. ஆலைகள் பொதுவாக இதைவிடக் கூடுதலாகவே சேர்க்கின்றன. ஆகவே முழுத் தீவனத்தின்மேல் தாது உப்புக் கலவையை மீண்டும் தூவுவது பெரும்பாலும் வீண் செலவு. செலினியத்தில் விபரீதம்கூட ஆகலாம், ஏனென்றால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. மக்காச்சோளமும் சோயாவும் வாங்கி நீங்களே அரைப்பவராக இருந்தால் கதை வேறு. தாது உப்புக் கலவை இல்லாமல் அந்தத் தீவனம் நிறைவாகாது.

இப்போது புரோபயாடிக். பொரித்த குஞ்சின் குடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. முதலில் குடியேறுபவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா எளிதில் ஒட்டுவதில்லை என்று பின்லாந்தின் நூர்மியும் ரான்டாலாவும் 1973இல் காட்டினார்கள். அதனால் இதற்கு ஏற்ற காலம் முதல் வாரம். 19ஆம் நாளில் பலன் குறைவு, ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த பிறகு கொடுப்பதில் பொருள் உண்டு. ஆன்டிபயாடிக் ஓடும்போதே கொடுத்தால், விதைத்த கையாலேயே களைக்கொல்லி தெளித்ததுபோல.

குளோரின் கலந்த தண்ணீரும் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர்கள் அதில் மடிந்துவிடும். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை வித்து வடிவில் இருப்பதால் குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் தாங்கும். தீவனத்தில் கலக்க அவையே நல்லவை. உறையில் கிராமுக்கு எத்தனை உயிருள்ள நுண்ணுயிர், எந்த இனம், காலாவதி எப்போது என்று பாருங்கள். இவை அச்சிடாத பொடியை வாங்காதீர்கள். அளவையும் அந்த உறையில் சொன்னபடியே வையுங்கள். பொடிக்குப் பொடி செறிவு மாறும் என்பதால் பொதுவாக இத்தனை கிராம் என்று நான் சொல்வது சரியாகாது. உங்கள் 800 கோழிகள் ஒரு நாளில் சுமார் 140 முதல் 150 லிட்டர் குடிக்கும். அத்தனையிலும் கரைக்காமல், காலைக் குளிர்ச்சியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவில் மட்டும் கரையுங்கள்.

ஆனால் ஈரக் கூளத்துக்குப் பொடி விடையல்ல. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடைந்தால் சரி. ஈரம் நிப்பிள் வரிசைக்குக் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனைகள்) கீழேயே இருந்தால் கசிவையும் உயரத்தையும் சரிசெய்யுங்கள். கொட்டகை முழுவதும் என்றால் காற்றோட்டத்தையும் தண்ணீரின் உப்பையும் பாருங்கள். எச்சத்தில் ரத்தமோ பழுப்புச் சளியோ தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். இந்த வயதில்தான் அது தலைகாட்டும், புரோபயாடிக்குக்கு அடங்காது.

நொண்டும் கோழிகளைப் பிரித்து, தீவனமும் தண்ணீரும் எட்டும்படி வையுங்கள். நான்கைந்து நாளில் எண்ணிக்கை கூடினால், உயிருள்ள இரண்டு கோழிகளையும், மூட்டையின் அடையாளச் சீட்டோடு அரைக் கிலோ தீவனத்தையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுண்ணாம்பு கலக்காத தீவனமாக இருக்கட்டும். கலந்ததையும் தனிப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.