தக்காளிக்கும் ரெப்போவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: காய்கறி விலை ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்க மறுக்கிறது. வட்டியைக் கூட்டினால் தக்காளி விளைந்துவிடுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: விளையாது. மழையில் செடி அழுகிப்போனால், மறுபடி நாற்று நட்டுக் காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதை எந்த வட்டியும் விரைவுபடுத்தாது. ஆனால் ரிசர்வ் வங்கி கவலைப்படுவது அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றி. தக்காளி ஏறியதும் ஹோட்டலில் சாப்பாட்டு விலையை ஏற்றுகிறார்கள். தக்காளி இறங்கிய பிறகும் அந்த விலை இறங்குவதில்லை. செலவு கூடியவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். வட்டி கூடினால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும்; விலை ஏற்றம் இப்படிப் பரவுவதைத்தான் அதனால் தடுக்க முடியும்.

2024 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 10.87. இலக்கு 4 சதவீதம், மேல் எல்லை 6. அப்போதைய விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறத்தாழ 46 சதவீதம் என்பதால், உணவை ஒதுக்கிவிட்டுப் பணவீக்கத்தைப் பேச வழியில்லை. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. ரிசர்வ் வங்கியின் டிசம்பர் கூட்டத்திலும் அது 6.50 சதவீதத்திலேயே நின்றது. காய்கறி விலை தணியத் தொடங்கிய பிறகு, 2025 பிப்ரவரியில்தான் 6.25 ஆனது. வீட்டுக்கடன்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு வலித்தது உண்மை. இருந்தாலும் அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

கேள்வி: வட்டி ஏறியபோது என் இ.எம்.ஐ. மாறவில்லை; தவணைகள்தான் நீண்டுவிட்டன. என்ன செய்வது?
- வாசகர், தாம்பரம்

பதில்: 30 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 7 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 23,260. கடன் தொடக்கத்திலேயே வட்டி 9 ஆனால், முதல் மாத வட்டி மட்டும் 22,500. அசலில் கழிவது 760 ரூபாய்தான். இ.எம்.ஐ.யை மாற்றாவிட்டால் கடன் முடிய 38 ஆண்டு ஆகும்!

முதலில் வங்கியில் கடன் அட்டவணையை வாங்குங்கள். மீதி அசல், மீதித் தவணை, ரீசெட் தேதி (வட்டி மாற்றப்படும் நாள்) மூன்றையும் பாருங்கள். கடன் ரெப்போவோடு இணைந்ததா, எம்.சி.எல்.ஆர். முறையா (வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிப்பது) என்றும் கேளுங்கள், எம்.சி.எல்.ஆர். என்றால் குறைப்பு தாமதமாகத்தான் வரும். வட்டி குறையும்போது, "இ.எம்.ஐ. அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். கையில் பணம் வந்தால் அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் கிடையாது.