அமிலம் அதிகமா, இடம் மாறியதா?

கேள்வி: எனக்கு வயது 47. ஜவுளிக்கடையில் வேலை. இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டதும் படுத்துவிடுகிறேன். உடனே நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தொடங்குகின்றன. 2 ஆண்டுகளாக மருந்துக்கடையில் பான்டோபிரசோல் வாங்கி, இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொள்கிறேன். குளிர்ந்த பால் குடித்தால் எரிச்சல் அடங்கி மீண்டும் வருகிறது. முழங்கால் வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக் எடுப்பதுண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்க வழி என்ன?

பதில்: உங்களுக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதைவிட, சுரக்கும் அமிலம் மேலேறி வருகிறது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அமிலத்தைத் தாங்கும் வலுவான கோழைப்படலம் இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுருக்குத்தசை, நிறைந்த வயிற்றோடு படுக்கும்போது எளிதில் விட்டுக்கொடுத்துவிடும்.

ஆகவே, சாப்பிடும் நேரத்தை மாற்றாமல் மாத்திரையை மட்டும் மாற்றிப் பயனில்லை. உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரமாவது வேண்டும். மாலை இடைவேளையில், ஏழரை மணிக்குள், டிபன் பாக்ஸில் கொண்டுபோன இட்லியையோ சப்பாத்தியையோ கடையிலேயே சாப்பிட்டுவிட்டால், வீட்டுக்கு வந்தபின் பசித்தாலும் சிறிதளவே போதுமானதாக இருக்கும். தலையணைகளை அடுக்கிக்கொள்வது உடலை இடுப்பில் மடக்கி வயிற்றை அழுத்தும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வைத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள்.

பான்டோபிரசோல், உணவு வரும்போது விழித்தெழும் அமிலச் சுரப்பிகளை அடைக்கும் மருந்து. உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால்தான் அது முழுப் பயன் தரும். இதை மருந்துக்கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சீட்டு எழுதும் எங்களிலும் பலர் சொல்வதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுநாள் எடுத்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கக்கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

பால் அமிலத்தைச் சிறிது நேரம் மட்டுப்படுத்தும். பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமுமே சுரப்பைத் தூண்டிவிடும். நீங்கள் கண்டதும் அதுதான்.

எனக்கு மிகுந்த கவலை அளிப்பது டைக்ளோஃபினாக். இரைப்பையின் கோழைப்படலத்தைக் காக்கும் வேதிப்பொருளின் உற்பத்தியையே அது தடுப்பதால், உணவோடு எடுத்தாலும், ஊசியாகப் போட்டாலும் புண் உண்டாகலாம். அதை நிறுத்திவிட்டு, முழங்கால் வலிக்கு மாற்று வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, மார்பில் பாரமும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ, அசிடிட்டிதான் என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவதும் காரணமின்றி எடை குறைவதும் தாமதிக்காமல் ஆராய வேண்டியவை.

இவை இல்லாவிட்டாலும், 2 ஆண்டுத் தொல்லை என்பதால் ஒருமுறை எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்கும் சோதனை) செய்துகொள்வது தகும். அப்போதே, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் பரிசோதனை செய்யலாம். பான்டோபிரசோல் எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்பதால், பரிசோதனைக்கு 2 வாரங்களுக்கு முன் அதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.