தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) டீச்சர்கள் சோர்ந்துபோனால் நடத்துபவர் என்ன செய்யலாம்?

கோலாலம்பூர் செந்தூலில் தாஸ்கா நடத்துகிறீர்கள், இரண்டு டீச்சர்கள் ஒரே மாதத்தில் விலகினார்கள், மற்றவர்களும் வாடிப்போயிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர், 1 முதல் 3 வயதுவரை 5 பேருக்கு ஒருவர் என்பது விதி. ஒருவர் விடுப்பு எடுத்தாலே இது உடைந்துவிடும். மாற்று ஆள் இல்லாததால்தான் காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறார்கள். என் பார்வையில் ஆளை உருக்குவது இதுதான். வாரம் இரண்டு நாளாவது வரக்கூடிய ஒரு கூடுதல் ஆளைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் ஓய்வு. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவருக்கு 30 நிமிட இடைவேளை தர வேண்டும் என்கிறது மலேசியாவின் 1955 வேலைச் சட்டம். பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது ஓய்வல்ல. காது தொட்டிலிலேயே இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்க இடம் கொடுங்கள்.

பிள்ளையின் கையில் கடித்த தடத்தைப் பார்த்து ஓர் அம்மா டீச்சரிடம் கத்தினால், நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள்.

தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்று டீச்சர் யாராவது சொன்னால், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555 எண்ணைக் கொடுத்து, பேசுவதற்கு வேலை நேரத்திலேயே அனுமதியுங்கள்.