திறமூலக் குழுவுக்கு யாப்பு எழுதுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய திறமூல மென்பொருளை உருவாக்கும் குழுக்களின் நிர்வாக விதிகளைப் பற்றி வந்த கடிதங்களை இவ்விதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து கிராமிய நூலகங்களுக்கான நூற்பட்டியல் மென்பொருள் ஒன்றைத் திறமூலமாக உருவாக்கி வருகிறோம். சிலர் இங்கே இருக்கிறோம், சிலர் கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள். இதுவரை தொடங்கியவரே எல்லா முடிவுகளையும் எடுத்தார். அண்மையில் தரவுத்தளத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர் தமது இளைஞர் கழகத்தின் யாப்பைக் கொண்டுவந்து, போசகர், தலைவர், உப தலைவர்கள் என்ற பதவிகளோடு அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்கிறார். இது பொருந்துமா? எதிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும்?
— வாசகர், கல்லடி

பதில்: பொருந்தாது. கழக யாப்பு, ஒரு மண்டபத்தில் ஒரு நாளில் கூடி, கைகளை உயர்த்தி முடிவெடுக்கும் மனிதர்களுக்காக எழுதப்பட்டது. உங்களுடைய முடிவுகளோ நாளாந்தம், சிறிது சிறிதாக, வெவ்வேறு நாடுகளில் வேலை முடிந்து வந்து கணினியின் முன் அமரும் மனிதர்களால் எடுக்கப்படுகின்றன. அதைவிட முக்கியமான காரணமும் ஒன்று உண்டு. கழகத்தில் தலைவர் என்ற பதவியே அதிகாரம். மென்பொருள் குழுவில், மூலநிரல் முழுவதும் சேமிக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தின் திறப்பை வைத்திருப்பவரிடமே அதிகாரம் இருக்கிறது. களஞ்சியத்தில் ஒரு வரியையும் சேர்க்க முடியாத ஒருவரைத் தலைவராகத் தெரிவுசெய்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கக்கூடிய ஒருவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டால், அந்த யாப்பு எழுதப்பட்ட அன்றே செயலிழந்துவிடும்.

ஆகவே முதல் பக்கத்தில் பதவிகளை எழுதாதீர்கள். எது யாருடைய கையில் இருக்கிறது என்பதை எழுதுங்கள். களஞ்சியத்தின் உரிமையாளர் அனுமதி யாரிடம் உள்ளது, இணையத்தளத்தின் ஆள்களப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது, அதன் வருடாந்தக் கட்டணம் யாருடைய வங்கி அட்டையிலிருந்து கழிகிறது, சேவையகத்தின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், புதிய பதிப்பை வெளியிடும் அனுமதி யாருக்கு உண்டு, வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி யார் என்ற பட்டியலே இன்று உங்களை உண்மையில் ஆளும் யாப்பு. ஒவ்வொன்றும் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும் என்றும், விலகுகின்றவரின் அனுமதிகள் குறித்த நாட்களுக்குள் மாற்றப்பட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டால், வேறொன்றும் எழுதாவிட்டாலும் பாதி வேலை முடிந்துவிடும். பட்டம் பெற்றதும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் இளைஞர்களைக் கொண்ட நமது மாவட்டங்களில் இதற்கு முன்னுரிமை கொடுப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, முடிவெடுக்கும் முறை. எல்லா விடயங்களையும் வாக்கெடுப்புக்கு விடும் குழு விரைவில் களைத்துப்போகும். சிறு திருத்தங்களுக்கு இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று வையுங்கள். நடுத்தர விடயங்களுக்கு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழக்கம் நல்லது. அங்கே ஒருவர் தமது முன்மொழிவை எழுத்தில் வைத்து, வழக்கமாக 72 மணித்தியாலங்கள் காத்திருப்பார். அதற்குள் எவரும் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மூலநிரல் மாற்றத்தை ஒரே ஒருவரும் தடுக்கலாம், ஆனால் தொழினுட்பக் காரணத்தைக் கூறாத தடை செல்லாது. உங்கள் குழுவில் பலர் விடுமுறை நாளில் மட்டுமே இதைப் பார்ப்பவர்கள் என்றால் 72 மணித்தியாலத்தை ஒரு வாரமாக நீட்டுங்கள். உரிமத்தை மாற்றுதல், பெயரை மாற்றுதல், ஒருவரை நீக்குதல், யாப்பைத் திருத்துதல் ஆகியவற்றுக்கு மட்டும் வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இணக்கம் ஏற்படாத தொழினுட்ப விடயங்களுக்கு இறுதி முடிவு சொல்பவர் யார் என்பதையும் எழுத வேண்டும். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தொண்டர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் திட்டத்தில் இதற்கென்று தொழினுட்பக் குழு ஒன்று உண்டு. பன்னிரண்டு பேருக்கு மூவர் போதும். எழுத்தில் விவாதித்துப் பார்த்த பின்னரே விடயம் அவர்களிடம் போக வேண்டும், அவர்களும் காரணத்தை எழுத்திலேயே தர வேண்டும்.

1998 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த டெபியன் யாப்பில் நான் மிகவும் மதிக்கும் வாசகம் ஒன்று உண்டு. அந்த யாப்பிலுள்ள எதுவும் எவரையும் திட்டத்துக்காக வேலை செய்யக் கட்டாயப்படுத்தாது என்பதே அதன் கருத்து. தொண்டர்களைக் கொண்டு இயங்கும் குழுவுக்கு இது அடிப்படை. ‘செயற்குழு தீர்மானித்தால் நிரலாளர் எழுத வேண்டும்’ என்ற தொனியில் ஒரு விதி வந்துவிட்டால், எழுதுகிறவர் அமைதியாக விலகிவிடுவார்; தீர்மானம் மட்டும் ஏட்டில் மிஞ்சும்.

தரவுத்தளத் தகராறை, யாப்பு எழுதும் அதே காலத்தில் தீர்க்க முயலாதீர்கள். இரு தரப்பினரும் தத்தம் பக்கம் வெல்வதற்கேற்பவே ஒவ்வொரு விதியையும் வளைப்பார்கள். பெரும்போகத்துக்கு முன்பு கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும், நீர் திறக்கும் திகதியும், மாடுகளை வயற்பகுதியிலிருந்து அகற்றும் திகதியும் முடிவாகிவிடுகின்றன. வாய்க்காலில் நீர் வந்த பிறகு முதலில் எவருடைய வயலுக்கு என்று விதி எழுத எந்த வட்டை விதானையாரும் உட்காருவதில்லை. தரவுத்தளத்தை இரண்டு மாதங்களுக்கு இப்போதுள்ளபடியே விட்டுவைக்க இரு தரப்பினரும் உடன்பட்டு, அந்த இடைவெளியில் விதிகளை எழுதி முடியுங்கள்.

கேள்வி: யாருக்கு வாக்குரிமை? எங்கள் குழுவில் நிரல் எழுதுபவர்கள் நால்வர்தான். இடைமுகத்தைத் தமிழாக்குபவர்களும், கைந்நூல் எழுதுபவர்களும், நூலகங்களில் பரீட்சித்துப் பார்ப்பவர்களுமே அதிகம்.
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அனைவருக்கும் உண்டு, ஆனால் பங்களிப்பு தொடர்ந்து இருக்க வேண்டும். மென்பொருட் பொதிகளை (நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிய மென்பொருட்களை) உருவாக்காத பங்களிப்பாளர்களையும் முழு உரிமையுள்ள உறுப்பினர்களாக வரவேற்பதென்று டெபியன் 2010இல் பொது வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானித்தது. மொழிபெயர்ப்பாளரை வெளியே நிறுத்திவைத்துவிட்டுத் தமிழ் மென்பொருள் செய்ய முடியாது என்பதை நீங்களே அறிவீர்கள். கடந்த ஓராண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பங்களிப்பு எதையேனும் செய்தவர், இரு உறுப்பினர்களின் பரிந்துரையோடு விண்ணப்பிக்கலாம் என்று வைத்தால் போதுமானது. ஓராண்டு எதுவும் செய்யாதவர் நீக்கப்பட வேண்டியதில்லை. அவருடைய வாக்குரிமை மட்டும் இடைநிறுத்தப்பட்டு, திரும்பி வந்ததும் மீளக் கிடைக்கட்டும். இவ்விதி இல்லையென்றால், என்றோ விலகிப்போனவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க நேர்ந்து, எந்த வாக்கெடுப்பிலும் கோரம் நிறையாது.

வாக்குரிமை வேறு, களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் அனுமதி வேறு. இரண்டையும் ஒரே விதியில் கலக்காதீர்கள். 2024 மார்ச்சில் வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவித்தொகுப்பின் விவகாரத்தை நிரலாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழத் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளரிடம், வேகம் போதவில்லை, வேறொருவரைச் சேர்த்துக்கொள் என்று சிலர் அழுத்தம் கொடுத்தனர். ஓரிரு ஆண்டுகள் பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்றிருந்த ஒருவருக்கு அனுமதி கிடைத்தது. பின்னர் அவருடைய கணக்கின் வழியாகவே வெளியீட்டுக்குள் இரகசியக் கதவு ஒன்று பொருத்தப்பட்டது. அன்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட் என்ற நிரலாளர் தமது கணினியில் கண்ட சிறு தாமதத்தைப் பின்தொடர்ந்திராவிட்டால் அது உலகெங்கும் பரவியிருக்கும். ஆகவே அனுமதி வழங்குவதற்கு ஏற்கெனவே அனுமதியுள்ள இருவரின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும், எவருடைய மாற்றத்தையும் இன்னொருவர் பார்த்தே சேர்க்க வேண்டும் என்ற இரண்டும் உங்கள் விதிகளில் இருக்கட்டும். தனியாளாக ஒருவரை விட்டுவைக்காமலிருப்பதும் பாதுகாப்பின் பகுதியே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பைத்தன் என்ற நிரல்மொழியின் வழிநடத்தும் சபையில் உள்ள ஐவரில், ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இருவருக்கு மேல் இருக்க முடியாது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரே பீடத்தின் ஒரே ஆண்டு மாணவர்களால் குழு நிறைந்துவிடும் நிலை இங்கே எளிதில் ஏற்படும் என்பதால், இத்தகைய வரம்பு நமக்கும் தேவை. இன அடிப்படையில் ஆசனங்களை ஒதுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் கூட்டங்களை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைக்காதிருப்பதும், இரவுப் பேருந்தில் தனியே திரும்ப வேண்டிய பெண்களை நினைத்து நேரத்தைக் குறிப்பதும், கூட்டத்துக்கு வர முடியாதவரும் எழுத்தில் கருத்துச் சொல்ல இடம் வைப்பதும், யார் உள்ளே வர முடிகிறது என்பதை எந்த ஒதுக்கீட்டையும்விட அதிகமாகத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: திட்டத்தைத் தொடங்கியவர் பதவியைக் கைவிட மறுக்கிறார். அவருடைய உழைப்பை மதிக்கிறோம், ஆனால் இப்படியே தொடர முடியாது.
— வாசகர், வாழைச்சேனை

பதில்: அவரை வெளியேற்றும் விதியாக அல்லாமல், அவருக்கும் ஓர் இடம் தரும் விதியாக எழுதுங்கள். பைத்தனைத் தொடங்கிய கைடோ வான் ராசம், ஒரு முன்மொழிவைச் சுற்றி எழுந்த கடுமையான விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். தமக்கு அடுத்தவர் யார் என்று நியமிக்கவும் மறுத்துவிட்டார். மைய நிரலாளர்கள் பல மாதிரிகளை எழுதி, அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிநடத்தும் சபையைத் தேர்ந்தனர். 2019இல் தெரிவான முதற் சபையில் அவரும் ஐவரில் ஒருவராக இருந்தார். தொடங்கியவரின் அறிவு குழுவுக்குக் கிடைத்தது, இறுதிச் சொல் மட்டும் அவருடையதாக இருக்கவில்லை. உங்களவருக்கும் இதையே எடுத்துச் சொல்லலாம். பதவிக்காலம் ஓராண்டு என்று வைத்து, ஒரே ஒருவர் போட்டியிட்டாலும் டெபியனில் உள்ளது போல ‘இவர்களில் எவருமில்லை’ என்ற தெரிவையும் வாக்குச்சீட்டில் சேருங்கள்.

அதற்கும் அவர் இணங்காவிட்டால், பிரிந்து செல்லும் உரிமையை உரிமமே உங்களுக்குத் தந்திருக்கிறது. 2010இல் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டத்திலிருந்து பிரிந்தவர்கள் லிப்ரே ஆபிஸை உருவாக்கினார்கள். ஆனால் மூலநிரலை எடுத்துச் செல்லலாமே ஒழிய, பெயரும் ஆள்களமும் கூடவே வருவதில்லை. ஏற்கெனவே மென்பொருளைப் பயன்படுத்தும் நூலகர் எந்தப் பிரதியை நம்புவது என்று தடுமாறுவார். இது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கேள்வி: நடத்தை விதிகளை நாமே எழுத வேண்டுமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தேவையில்லை. 2014இல் வெளியான ‘கொன்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற பொது மாதிரியைப் பல திட்டங்கள் ஏற்றுள்ளன. அதைத் தமிழாக்கி ஏற்கலாம். ஆனால் முறைப்பாட்டைப் பெறும் இருவரின் பெயர்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. ஒருவர் மீதே முறைப்பாடு என்றால் மற்றவர் விசாரிக்க வேண்டும். பெயரில்லாத நடத்தை விதியால் எவருக்கும் பயனில்லை.

கேள்வி: ஒரு நிறுவனம் எமக்கு நிதி தர முன்வந்துள்ளது. பிரதேச செயலகத்தில் பதிவுசெய்ய வேண்டும், அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும் என்கிறார்கள். முன்னர் நீங்கள் சொன்ன முறைக்கு இது முரணாகாதா?
— வாசகர், திருக்கோவில்

பதில்: இரண்டு ஆவணங்களாக வைத்துக்கொண்டால் முரண் இல்லை. சங்க யாப்பு பணத்தையும் சொத்தையும் கணக்கறிக்கையையும் பற்றியது. வங்கிக் கணக்குத் திறக்கவும் அதையே கேட்பார்கள். மென்பொருளைப் பற்றிய முடிவுகள் தொழினுட்ப விதிகளின்படியே எடுக்கப்படும் என்றும், செயற்குழு அதில் தலையிடாது என்றும் சங்க யாப்பில் ஒரு பிரிவைச் சேருங்கள். டெபியனும் தன் பணத்தைத் தானே வைத்திருப்பதில்லை. 1997இல் அமெரிக்காவில் பதிவான, பொதுநலனுக்கான மென்பொருள் என்று பொருள்படும் பெயருடைய ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் அதற்காகப் பணத்தையும் சொத்துக்களையும் வைத்திருக்கிறது. நமது நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் நமது கரையோரம் சிதைந்து கிடந்தபோது இலங்கை நிரலாளர்கள் தொண்டாக எழுதிய சகானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை, முதலில் லங்கா மென்பொருள் அறக்கட்டளை தாங்கியது. 2009இல் அதற்கென்றே தனி அறக்கட்டளை நிறுவப்பட்டது.

நிதி தருபவர் களஞ்சியத்தின் திறப்பையோ வாக்கையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். காசோலையில் இருவரின் கையொப்பமும், ஆண்டுக்கொரு முறை அனைவரும் காணக்கூடிய கணக்கும் போதும்.

கேள்வி: எழுதிய விதிகளை எப்போது, எப்படித் திருத்துவது? தமிழில் எழுதினால் போதுமா?
— வாசகர், கல்முனை

பதில்: தமிழில் எழுதுங்கள். தமிழ் வாசிக்காத பங்களிப்பாளர்கள் இருந்தால் ஆங்கில, சிங்களப் பெயர்ப்புகளையும் வையுங்கள், ஆனால் முரண்பாடு வரும்போது எந்தப் பிரதி செல்லும் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். விதிகளை மூலநிரலோடு அதே களஞ்சியத்தில் வைத்தால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும்.

டெபியன் தன் யாப்பைத் திருத்த மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையை, அதாவது எதிராக விழும் ஒவ்வொரு வாக்குக்கும் ஆதரவாக மூன்று வாக்குகளைக் கேட்கிறது. சிறு குழுவுக்கு மூன்றில் இரண்டு பங்கு போதுமானது. அதைவிட உயர்த்தினால் தவறான விதி ஒன்றையும் நீக்க முடியாமற் போகும். திருத்தத்தை வாக்கெடுப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும் என்றும் சேருங்கள். முதல் வரைவை இரண்டு பக்கங்களுக்கு மேல் எழுதாமல், ஆறு மாதத் தற்காலிக விதிகளாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதங்களில் எந்த விதியை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை, எந்தச் சிக்கலுக்கு விதியே இல்லாமல் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, அதன்பின் நிரந்தர வரைவை வாக்குக்கு விடுங்கள்.