கமக்கட்டு நெறிகளை எல்லாம் எடுக்காமல் விடுவது அரைகுறை வைத்தியமா?

ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் உங்கள் சித்திக்கு ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய். கமக்கட்டு நெறிகளை, அதாவது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை, எல்லாம் எடுக்கத் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னது உங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், இது அரைகுறை வைத்தியம் இல்லை. சாயம் செலுத்தி, மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடுவதில்லை. ஒன்றிரண்டில் இருந்தாலும்கூட, மார்பகத்தை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்சிகிச்சையும் பெற்றவர்களை இசட் 0011 என்ற மருத்துவ ஆய்வு 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 86.3 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். நெறிகளை எல்லாம் எடுத்தால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கலாம். கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடையில் போடும் கை அது. வீங்கிய கையில் மிலாறு (தேயிலைச் செடியின் குச்சி) கீறினாலே கிருமி தொற்றிக் காய்ச்சல் வரலாம்.

கமக்கட்டில் ஏற்கெனவே நெறி தடித்துக் கைக்குத் தட்டுப்பட்டால் கதை வேறு. ஸ்கேனில் நெறிகள் எப்படி இருந்தன என்று வைத்தியரிடம் கேளுங்கள்.