மட்காத மிச்சம்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'செடிகள்தான் நமக்கு ஆக்ஸிஜன் தருகின்றன' என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "இலை உதிர்ந்து மட்கும்போது அது கொடுத்த ஆக்ஸிஜன் எல்லாம் திரும்பச் செலவாகிவிடுமே டீச்சர், அப்புறம் காற்றில் 21 சதவீதம் எப்படி மிஞ்சியது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்க முடியுமா?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவியிடம் முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் போட்ட கணக்கு சரியானது. ஓர் இலை தன் உடலில் சேர்க்கும் ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு வெளியே வருகிறது. அந்த இலையைப் புழுவோ பூஞ்சையோ தின்று முடிக்கையில் அதே அளவு ஆக்ஸிஜன் செலவாகிறது. வரவும் செலவும் சரி. முதிர்ந்த காடுகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். அமேசானை உலகின் நுரையீரல் என்பது அதனால்தான் எனக்கு ஏற்புடையதல்ல. அந்தக் காட்டைக் காப்பதற்கு வேறு வலுவான காரணங்கள் எத்தனையோ உண்டு.

மிஞ்சியது மட்காததிலிருந்து. கடலில் செத்த பாசியில் மிகச் சிறு பங்கு, யாரும் தின்னுமுன் அடிச்சேற்றில் புதைந்துவிடுகிறது. மேலே வண்டல் படிந்து அது பாறையாகிவிட்டால், அந்தக் கார்பனுக்கு ஈடான ஆக்ஸிஜனைத் திரும்பக் கேட்க ஆள் இல்லை. அது காற்றில் தங்கிவிடுகிறது. அந்தக் கார்பனில் பெரும்பகுதி நிலக்கரியாகவோ எண்ணெயாகவோ இல்லை. களிப்பாறைகளில் கருநிறப் பொடியாக விரவிக் கிடக்கிறது.

ஆனால் ஆக்ஸிஜன் உடனே காற்றில் சேரவில்லை. நீரைப் பிளந்து ஆக்ஸிஜன் விடக் கற்றுக்கொண்ட முதல் உயிர்கள் சயனோபாக்டீரியாக்கள். அவை விட்டதையெல்லாம் எரிமலை வாயுக்களும் கடலில் கரைந்திருந்த இரும்பும் விழுங்கிக்கொண்டே இருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைத்தொடரில் அந்த இரும்பை இன்றும் பார்க்கலாம். அந்த வகைப் பாறையை அறுத்து மெருகேற்றிய துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பு, சாம்பல், மீண்டும் சிவப்பு என்று பட்டை பட்டையாக இருக்கும். சில பட்டைகள் நகக்கனம்கூட இல்லை. நீரில் கரைந்திருந்த இரும்பு ஆக்ஸைடாகிக் கடலடியில் இறங்கியதன் அடுக்குகள் அவை. என் உள்ளங்கை அகலத்துக்குள் எத்தனை காலம் அடங்கியிருக்கிறது என்று எண்ணியபோது, அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

காற்றில் அப்போது ஆக்ஸிஜன் இல்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கப் பாறைகள் சாட்சி. 270 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய அந்த ஆற்றுப் படிவுகளில் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிம மணிகள் கூழாங்கல்போல் உருண்டு கிடக்கின்றன. இன்றைய ஆற்றில் பைரைட் அப்படி உருள முடியாது. காற்றும் நீரும் பட்டு வெகுசீக்கிரம் துருவாகிவிடும். கந்தக ஐசோடோப்புகளும், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகளும், இதையே சொல்கின்றன. ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் ஓசோன் இல்லாத வானத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உண்டாகும் ஒரு விசித்திர விகிதம் பழைய பாறைகளில் இருக்கிறது. சுமார் 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மறைந்துவிடுகிறது. காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியதன் அடையாளம் அது. 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்குவார் குழுவினர் இதை வெளியிட்டபின் காலக்கணக்கில் இருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது.

அதற்குப் பிறகும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆக்ஸிஜன் அளவு குறைவாகவே இருந்தது. பெரிய ஏற்றம் தரைக்குச் செடிகள் வந்தபின். மரக்கட்டையில் உள்ள லிக்னின் எளிதில் மட்காது. சதுப்பில் விழுந்த மரங்கள் புதைந்து நிலக்கரியாயின. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸிஜன் 30 சதவீதத்தை எட்டியிருக்கலாம் என்பது கணிப்பு. அக்காலத்தில் வாழ்ந்த தும்பியினப் பூச்சி மெகானியூராவின் இறக்கை விரிப்பு இரண்டடிக்கு மேல்.

வகுப்பில் ஒரு துண்டு நிலக்கரி காட்ட முடிந்தால் காட்டுங்கள். பாதியில் நின்றுபோன மட்குதல் அது. அதைக் கொளுத்தும்போது, அன்று மிஞ்சிய ஆக்ஸிஜனைத்தான் செலவழிக்கிறோம். அமெரிக்க விஞ்ஞானி ரால்ஃப் கீலிங் 1980களின் இறுதியிலிருந்து இதை அளந்துவருகிறார்: ஆண்டுக்குப் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 4 ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் குறைகின்றன. இருப்பதோ 2,09,000க்கும் மேல். மூச்சுக்கு ஆபத்தில்லை என்பதையும் மாணவிகளிடம் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கவலைப்பட வேண்டியது அந்தத் தீயிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடைப் பற்றித்தான்.

அன்புடன்